நெஞ்சைத் தட்டினால் ஈரல் கொழுப்பு கரையுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். டீயில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

கடந்த ஒரு மாதத்தில் ஒரே வீடியோவை ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பழைய மாணவர் குரூப்பில் ஒன்று, சொந்தக்காரர்கள் குரூப்பில் இரண்டு, மற்றவை தனித்தனியாக. நெஞ்செலும்பின் மேல் தினமும் விரலால் தட்டினால் தைமஸ் சுரப்பி விழித்துக்கொள்ளுமாம். ஈரலில் படிந்த கொழுப்பெல்லாம் நாற்பதே நாளில் கரைந்து ஓடிவிடுமாம். துபாயில் இருக்கும் ஒருவன் கேட்டிருக்கிறான்: "சார், நாளமில்லாச் சுரப்பி பாடம் நீங்கதானே நடத்துனீங்க. இது நெசமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டினால் கரையாது. அதற்காக, தைமஸுக்கும் ஈரல் கொழுப்புக்கும் சம்பந்தமே கிடையாது என்று சொன்னால் அதுவும் சரியில்லை. சம்பந்தம் உண்டு, பலமாகவே உண்டு. ஆனால் அது வீடியோவில் வருகிறவர் சொல்லும் சம்பந்தம் இல்லை.

இதை இவ்வளவு மெனக்கெட்டு எழுதக் காரணம் என் கூடப்பிறந்த தங்கச்சி. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "எழுதுண்ணே, ஆனா பேரப் போட்றாத" என்றாள். போடவில்லை. தெரிந்த உறவுகளும் கமெண்ட்டில் பெயரைப் போட்டுவிட வேண்டாம்.

அவளுக்கு 54 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை உண்டு. ஆள் குண்டு கிடையாது. சீசனில் புளி உடைக்கும் வேலைக்குப் போவாள், மற்ற நாளில் வீட்டு வேலை. போன வருடம் வலது விலாவுக்குக் கீழே வலி என்று திண்டுக்கல்லில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல் இருக்குமோ என்று சந்தேகம். கல் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் "கிரேடு 2 ஃபேட்டி லிவர்" என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்தவள் அந்த ரிப்போர்ட்டைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள். கட்டினவரிடம் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் சொல்லவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கிற என்னிடமும் சொல்லவில்லை.

பிறகு ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இது: "அண்ணே, குடிச்சுச் செத்தவங்களத்தான் ஈரலு கெட்டுப்போச்சுன்னு சொல்லுவாங்க. எனக்கும் ஈரல்ல கோளாறுன்னு வெளிய தெரிஞ்சா ஊரு என்ன பேசும்? மகளுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாப்பிள்ள பாக்குறது?"

சொட்டுச் சாராயம் தொடாத பொம்பளை சொன்ன வார்த்தை. நம் பக்கத்து ஊர்களில் குடித்து ஈரல் போய் இறந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அதனால் ஈரல் நோய் என்றாலே ஊர் ஒரே முடிவுக்குத்தான் வருகிறது. அவள் பயந்ததில் நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

யாரிடமும் கேட்க முடியாதவள் செல்போனிடம் கேட்டாள். இந்த வீடியோ வந்தது. விடியக்காலையில் எல்லோரும் எழுவதற்கு முன் நெஞ்சில் இருநூறு தடவை தட்டியிருக்கிறாள். அதோடு விட்டிருந்தால் நஷ்டமில்லை. வீடியோவுக்குக் கீழே ஒரு மாத்திரை டப்பா விளம்பரம்: "தைமஸ் சத்து", 3,800 ரூபாய். சீட்டுப் பணத்தில் வாங்கியிருக்கிறாள். "இதைச் சாப்பிடும்போது வேறு மருந்து கூடாது" என்று போனில் யாரோ சொல்ல, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாள். நாலு மாதம் கழித்துத் தலை சுற்றி அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குப் பார்த்தால் சர்க்கரை 312. எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதி 84. அப்போதுதான் புடவைக்கு அடியில் இருந்த ரிப்போர்ட் வெளியே வந்தது.

இனி பாடத்துக்கு வருவோம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

முதலில் ஈரல். சுமார் ஒன்றரைக் கிலோ எடை. கோபால்பட்டியிலும் நத்தத்திலும் புளிக் கிட்டங்கி பார்த்திருப்பீர்கள். மாசி, பங்குனியில் சரக்கு வந்து இறங்கும்; லாரியில் ஏறி வெளியூர் போகும். வரவும் போக்கும் சமமாக இருக்கும்வரை கிட்டங்கியில் நடக்க இடம் இருக்கும். கொழுப்பு விஷயத்தில் ஈரலும் அப்படிப்பட்ட கிட்டங்கிதான். நாம் சாப்பிடும் சோற்றிலும் இனிப்பிலும் இருந்து வரும் சர்க்கரையை முதலில் கிளைக்கோஜனாக அடுக்கிவைக்கும். அந்த அறை நிறைந்துவிட்டால், மிச்சத்தைக் கொழுப்பாக மாற்றும். சாப்பாட்டில் இருக்கும் கொழுப்பும் வந்து சேரும். இது போக, வயிற்றிலும் இடுப்பிலும் சேமித்திருக்கிற கொழுப்பும் கரைந்து இரத்தம் வழியாக அங்கேதான் வரும். ஈரல் அதில் ஒரு பங்கை எரிக்கும், ஒரு பங்கைப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்பும்.

"சேமித்ததை வெளியே விடாதே" என்று கொழுப்புத் திசுவுக்கு உத்தரவு போடுவது இன்சுலின். சர்க்கரை நோய் உள்ளவர்கள் உடம்பு இந்த உத்தரவைச் சரியாக மதிப்பதில்லை. விளைவாக, கொழுப்பு இரவும் பகலும் ஈரல் வாசலில் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. லாரி பத்தாமல் போகிறது. ஈரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு தங்கிவிட்டால் அதுதான் கொழுப்பு ஈரல். இதில் சாராயத்துக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இது அபூர்வ நோயும் அல்ல. சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 541 பேரை ஸ்கேன் செய்து 2009ல் வெளியிட்ட ஆய்வில் 32 சதவீதம் பேருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது. சர்க்கரை நோயாளிகளை மட்டும் எடுத்தால் பாதிப் பேருக்கு மேல். அதே வருடம் வெளியான, இலங்கையில் ராகமை பகுதியில் எடுத்த கணக்கிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். ஒல்லியாக இருந்தால் வராது என்றும் நினைக்க வேண்டாம். மேற்கு வங்கக் கிராமங்களில் 1,911 பேரைப் பரிசோதித்து 2010ல் வெளியிட்டார்கள். கொழுப்பு ஈரல் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் எடை கூடியவர்களே அல்ல. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்று 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். கணக்கு சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எத்தனை பீரோக்களில் எத்தனை ரிப்போர்ட்டுகள் பூட்டிக் கிடக்கும் என்று யோசியுங்கள்.

அடுத்து தைமஸ். மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே, மூச்சுக்குழலுக்கு முன்னால் இரண்டு மடல்களாக இருக்கும். பத்தாம் வகுப்பில் "பாதி நாளமில்லாச் சுரப்பி, பாதி நிணநீர் உறுப்பு, தைமோசின் சுரக்கிறது" என்று படித்தீர்கள். இரண்டு மார்க் கேள்வி. அந்த இரண்டு மார்க்குக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

1960 வரைக்கும் இந்தச் சுரப்பி எதற்கு என்றே மருத்துவ உலகத்துக்குத் தெரியாது. வேலை முடிந்துபோன உறுப்பு என்று நினைத்தார்கள். அதற்கும் முன்பு, இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், குழந்தைகளின் தைமஸ் பெரிதாக இருப்பதே ஆபத்து என்று எண்ணி மேலை நாடுகளில் ஆயிரக்கணக்கான பச்சிளம் குழந்தைகளுக்கு எக்ஸ்ரே கதிர் பாய்ச்சிச் சுருக்கினார்கள். குழந்தைக்குத் தைமஸ் பெரிதாகத்தான் இருக்கும், அதுதான் இயற்கை. அப்படிக் கதிர் வாங்கிய குழந்தைகளில் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் வந்தது. தெரியாத உறுப்பைத் தூண்டுகிறேன், சுருக்குகிறேன் என்று கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஒன்று போதும்.

1961ல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற இளம் ஆராய்ச்சியாளர், பிறந்து ஒரு நாள் ஆகாத எலிக்குஞ்சுகளின் தைமஸை எடுத்துவிட்டு வளர்த்தார். அவை நோஞ்சானாகிக் கிருமி தாக்கிச் செத்தன. வேறு வகை எலியின் தோலை ஒட்டவைத்தாலும் அவற்றின் உடம்பு எதிர்க்கவில்லை. தன்னுடையது எது, அந்நியம் எது என்று பிரித்தறியும் படையே அந்த எலிகளில் உருவாகவில்லை. அந்தப் படைதான் டி செல்கள். டி என்பதே தைமஸின் முதல் எழுத்து.

தைமஸை நான் ஒரு பள்ளிக்கூடமாகத்தான் பார்க்கிறேன். வாத்தியார் புத்தி, வேறு எப்படிப் பார்ப்பேன்? எலும்பு மஜ்ஜையில் பிறந்த இளம் செல்கள் அங்கே வந்து சேர்கின்றன. இரண்டு பரீட்சை. முதல் பரீட்சை: நம் உடம்பின் அடையாளச் சீட்டைப் படிக்கத் தெரிகிறதா? தெரியாதவை அங்கேயே கழிக்கப்படும். இரண்டாவது: சொந்த உடம்பையே பகையாக நினைத்து அடிக்கப் பாய்கிறதா? பாய்பவையும் கழிக்கப்படும். நூறு செல் சேர்ந்தால் ஐந்துகூடத் தேறி வெளியே வருவதில்லை. 34 வருட சர்வீஸில் நான் இப்படி ஒரு ரிசல்ட் காட்டியிருந்தால் என்னை ராமேஸ்வரத்துக்கு மாற்றியிருப்பார்கள்! ஆனால் அந்தக் கண்டிப்பால்தான் நாம் உயிரோடு இருக்கிறோம்.

இந்தப் பள்ளிக்கூடம் பருவ வயதில்தான் முழு அளவில் இருக்கும். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். வகுப்பறை இருந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்காரும். நம் ஊர்ப்பக்கம் பிள்ளைகள் குறையக் குறையப் பள்ளிக் கட்டிடத்தில் சாமான் போட்டு வைப்பதில்லையா, அதுபோல. அதற்காகப் பெரியவர்களுக்கு அது வீண் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள், பெரியவர்களில் தைமஸை எடுத்தவர்களையும், எடுக்காமல் அதேபோன்ற நெஞ்சு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களையும் ஒப்பிட்டு 2023ல் வெளியிட்டார்கள். ஐந்து வருடத்தில் எடுத்தவர்களில் 8.1 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள்; எடுக்காதவர்களில் 2.8 சதவீதம்தான். புற்றுநோயும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிழப்பருவத்திலும் இந்தப் பள்ளிக்கூடம் ஒன்றிரண்டு வகுப்பை நடத்திக்கொண்டுதான் இருக்கிறது.

சரி, இரண்டையும் இப்போது சேர்ப்போம். கொழுப்பை எரி, சேமி என்று ஈரலுக்கு உத்தரவு போடுவது தைமஸின் வேலை அல்ல. அது இன்சுலின், குளுக்ககான் போன்றவற்றின் வேலை. தைமஸ் செய்வது வேறு. அங்கே படித்துத் தேறிய டி செல்களில் ஒரு கூட்டம் ஈரலில் போய்க் குடியிருக்கிறது. குடலிலிருந்து வரும் இரத்தம் முழுக்க ஈரல் வழியாகத்தான் போகும்; கிருமி, விஷம் எல்லாம் அந்த வாசலில்தான் நுழையும். அதனால் அங்கே காவல் பலமாக இருக்கும். கிட்டங்கிக்குக் காவல்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டங்கியில் சரக்கு நியாயமாக இருக்கும்வரை காவல்காரர்கள் அமைதி. கொழுப்பு குவிந்து செல்கள் மூச்சுத் திணற ஆரம்பித்தால் இவர்கள் நிலைகொள்ளாமல் போகிறார்கள். 2014ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹைக்கன்வால்டர் குழு எலிகளில் இதைக் காட்டியது. என்.கே.டி. என்ற ஒரு வகைக் காவல் செல் சுரக்கும் பொருளே ஈரல் செல்களைக் கொழுப்பை இன்னும் உள்ளே இழுக்க வைக்கிறது. பிறகு சி.டி.8 என்ற மற்றொரு வகையும் சேர்ந்துகொண்டு ஈரலைக் காயப்படுத்துகிறது. அந்தச் செல்களே இல்லாத எலிகளுக்கு அதே தீனியைப் போட்டும் அந்த அளவு சேதம் வரவில்லை. துபாய்த் தம்பி கேட்ட கேள்விக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது. தைமஸில் பழகிய செல்கள் ஈரல் கொழுப்பின் வரவு செலவில் தலையிடுகின்றன. ஆனால் தூண்டிவிட்டால் கொழுப்பு கரையும் என்பது தலைகீழ் பாடம். அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதால்தான் அங்கே கொழுப்பும் கூடுகிறது, புண்ணும் ஆகிறது.

2021ல் மியூனிக்கில் பெர்சி நோல்லே குழு இன்னும் ஒரு படி மேலே போனது. கொழுப்பு ஈரலில் நெடுநாள் தங்கிய சி.டி.8 செல்கள் ஒரு கட்டத்தில் அடையாளச் சீட்டைக்கூடப் பார்ப்பதில்லை. எதிரில் யார் வந்தாலும் அடிக்கின்றன. தைமஸில் கற்றுக்கொண்ட முதல் பாடத்தையே மறந்துவிடுகின்றன என்று சொல்லலாம். அமெரிக்காவில் கிரெட்டன் குழு 2016ல் கண்டது வேறொரு பக்கம். கொழுப்பு ஈரலில் சேரும் லினோலீயிக் அமிலம் சி.டி.4 என்ற செல்களைக் கொல்கிறது. புற்றுநோய் தலைகாட்டாமல் பார்த்துக்கொள்வதில் அந்தச் செல்களுக்குப் பங்கு உண்டு. ஆக, நல்ல காவல்காரன் சாகிறான், முரட்டுக் காவல்காரன் வெறி பிடித்து அலைகிறான். ஈரலில் வெறும் கொழுப்பாக இருந்தது அழற்சியாகி, தழும்பாகி, சிலருக்குச் சிரோசிஸ்வரை போவது இந்த வழியில்தான்.

இவற்றில் பெரும்பகுதி எலிகளில் கண்டது. மனித ஈரல் திசுவிலும் அதே வகைச் செல்களைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தைமஸைத் தொட்டு ஈரல் கொழுப்பைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இதுவரை இல்லை. தைமோசின் ஆல்பா-1 என்ற ஊசி சில நாடுகளில் உண்டு. அது ஹெபடைட்டிஸ் பி போன்ற வைரஸுக்குக் கொடுப்பது, கொழுப்புக்கு அல்ல. மாத்திரை டப்பாவில் தைமோசினே இருந்தாலும் அது புரதம். வாய் வழியே போனால் வயிற்றில் பருப்புக் குழம்பு செரிப்பதுபோல் செரித்துவிடும். 3,800 ரூபாய்ப் பருப்பு! விரலால் தட்டினால் என்ன ஆகும்? தோல் சிவக்கும். மார்பெலும்புக்குப் பின்னால் இருப்பதற்கு ஒன்றும் தெரியாது.

இந்தக் கதையின் மறுபாதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. இது தைமஸ் ஈரலுக்குச் செய்வது அல்ல, நாம் சாப்பிடும் சாப்பாடு தைமஸுக்குச் செய்வது.

நம் நாட்டிலிருந்து போய் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்யும் விஷ்வ தீப் தீட்சித் என்ற விஞ்ஞானி பல வருடமாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். உடல் பருமன் தைமஸைச் சீக்கிரம் கிழடாக்குகிறது என்று 2009ல் அவர் குழு காட்டியது. 2016ல் இன்னொரு விஷயம். எஃப்.ஜி.எஃப்.21 என்று ஒரு ஹார்மோன், பெரும்பாலும் ஈரலிலிருந்துதான் இரத்தத்துக்கு வருகிறது. உண்ணாமல் இருக்கும்போது கொழுப்பை எரிக்க உதவுகிறது. அது அதிகமாக இருந்த எலிகளில் தைமஸ் வயதாகியும் கொழுப்பு ஏறாமல் இருந்தது. அதாவது இது ஒருவழிப் பாதை இல்லை. தைமஸிலிருந்து ஈரலுக்குக் காவல்காரர்கள் போகிறார்கள். ஈரலிலிருந்து தைமஸுக்குச் சேதி வருகிறது.

மனிதர்களிலும் பார்த்தார்கள். 2022ல் வெளியான முடிவு அது. ஆரோக்கியமான ஆட்கள் இரண்டு வருடம் வழக்கமான சாப்பாட்டில் சுமார் 14 சதவீதம் குறைத்துச் சாப்பிட்டார்கள். பட்டினி கிடக்கவில்லை. சத்துக் குறையவில்லை. அளவு மட்டும் குறைந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது அவர்கள் தைமஸில் கொழுப்பு குறைந்து, வேலை செய்யும் பகுதி கூடியிருந்தது. மூடிக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்தில் வகுப்பறை திரும்பத் திறந்த மாதிரி. நெஞ்சைத் தட்டியதால் அல்ல, தட்டில் கொஞ்சம் குறைத்ததால்.

உடனே யாரும் சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டாம். பட்டினியும் தைமஸைச் சுருக்கும். ஊட்டமில்லாத குழந்தைகளுக்குத் தைமஸ் பாதியாக வற்றிப்போகும் என்பது மருத்துவர்கள் நெடுநாளாக அறிந்தது. அடிக்கடி காய்ச்சல், சளி என்று நோஞ்சானாக இருந்த பிள்ளைகளை வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். 1982ல் சத்துணவு வந்தது வயிற்றுக்கு மட்டும் சோறு போடவில்லை. எத்தனையோ பிள்ளைகளின் நெஞ்சுக்குள் இருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்துத்தான் போட்டது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அன்று பசி பிரச்சினை. இன்று அதே பிள்ளைகளுக்கு 45, 50 வயது. திருப்பூரிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்த இடத்தில் வேலை. இப்போது மிச்சம் பிரச்சினை.

தங்கச்சி என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். டாக்டர் அவளைத் திட்டவில்லை. முதலில் சர்க்கரை மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார். மூன்று வேளையும் சோறு என்பது ஒரு வேளை ஆனது. மற்ற வேளையில் பயறு, மொச்சை, கீரை, முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலை. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டிச் சர்க்கரை என்பது போய், இரண்டு டீ, சர்க்கரை இல்லை. "சர்க்கரை இல்லாத டீ சாவு வீட்டு டீ மாதிரி இருக்குண்ணே" என்றாள் முதல் வாரம். பிறகு பழகிவிட்டது. சாயங்காலம் நாற்பது நிமிடம் நடை, மதினி துணைக்கு. சோறுக்குப் பதில் கேழ்வரகுக் களி நல்லதுதான். ஆனால் சோறு தின்ற அளவுக்கே களியும் தின்றால் கணக்கு மாறாது என்பதையும் சொல்லிவைத்தேன்.

எட்டு மாதத்தில் 56 கிலோ 52 ஆனது. எஸ்.ஜி.பி.டி. 84லிருந்து 39. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 10.1லிருந்து 7.2. அடுத்த ஸ்கேன் தை மாதம். அதில் என்ன வரும் என்று பார்க்க வேண்டும். எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்பு குறையும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும் என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் சொல்வது. மாங்காய் சீசனில் மட்டும் அவளைக் காவல் காக்க வேண்டியிருந்தது. நத்தம் ரோட்டில் இருந்துகொண்டு மாம்பழம் தின்னாதே என்றால் எப்படி? ஒரு நாளைக்கு ஒரு கீற்று என்று உடன்பாடு.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

சர்க்கரை இருந்தால், ஒல்லியோ குண்டோ, ஆணோ பெண்ணோ, ஈரலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஸ்கேனில் கொழுப்பு என்று வந்தால், ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு ஃபிப்-4 என்று எளிய கணக்கு இருக்கிறது. வயது, இரண்டு ஈரல் நொதிகள், இரத்தத் தட்டணுக்கள் எண்ணிக்கை, இந்த நான்கு போதும். 65 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 1.3க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் பயமில்லை. கூடுதலாக வந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். டாக்டரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள். தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் 2021லேயே கொழுப்பு ஈரலைச் சேர்த்துவிட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து தரும் சர்க்கரை மாத்திரையை, எந்த வீடியோ சொன்னாலும் நிறுத்தாதீர்கள். பாட்டில் பானமும் பாக்கெட் ஜூஸும் பிள்ளைகளுக்குப் பழக்காதீர்கள். பிரியாணியை விட்டுவிடுங்கள் என்று திண்டுக்கல்காரனான நான் சொல்ல மாட்டேன். வாரத்துக்கு இத்தனை தடவை என்று ஒரு கணக்கு இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. 2023ல் உலக மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து இந்த நோயின் பெயரையே மாற்றின. பழைய பெயரில் "மது சாராத" என்ற வார்த்தை இருந்தது. "இல்லை" என்று சொல்வதற்காகவாவது குடியை இழுத்துவரும் பெயர் நோயாளிகளைக் கூச வைக்கிறது என்று சொல்லித்தான் அதை எடுத்தார்கள். இப்போது வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த கொழுப்பு ஈரல் நோய் என்று பெயர். பெரிய டாக்டர்களே கூடிப் பேசி வெட்கத்தைக் களைந்துவிட்டார்கள். நம் தெருதான் இன்னும் களையவில்லை.

உங்கள் வீட்டில் அம்மா, அக்கா, அத்தை, சித்தி யாராவது சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா? இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேளுங்கள்: "ஸ்கேன் ஏதாவது எடுத்தியா? ரிப்போர்ட் எங்க வச்சிருக்க?" கோபமில்லாமல் கேளுங்கள். பதில் வர நேரமானால் பொறுத்திருங்கள். பீரோச் சாவி அவர்கள் இடுப்பில்தான் இருக்கும்.

சந்தேகம் இருந்தால் கமெண்ட்டில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். சொந்த விஷயம் என்றால் போன் செய்யுங்கள். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை மட்டும் எடுக்க மாட்டேன். நடக்கப் போயிருப்பேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்,
சாணார்பட்டி.